பதினோரு யூனிட்

கத்திரி முடிந்து ஒன்பது நாளாகிறது.
வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.
மஞ்சக்குப்பத்தில் காலை ஏழரைக்கே
இரும்பு கேட்டைப் புறங்கையால் தள்ளுகிறேன்.
உள்ளங்கை நாள் முழுக்க எழுத வேண்டும்.

"கரண்டு கணக்கு" என்று குரல் கொடுத்தால்
முன்பெல்லாம் நாய்தான் முதலில் வரும்.
இப்போது அது வண்டிக்கு அடியில் படுத்தபடி
ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டு
என்னை நம்பிவிடுகிறது.

தணிகாசலம் சார் கால்குலேட்டரோடு நிற்கிறார்.
இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால்
நானூற்றுத் தொண்ணூற்றாறு.
இன்று ஐநூற்றுப் பதினான்கு.
"அந்தப் பதினெட்டு யூனிட்டை
நீதானம்மா ஓட்டினே" என்கிறார்.
நான் மறுக்கவில்லை.
பிறகு அவரே ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து
உப்பு தூக்கலாக இருப்பதற்கு வருத்தப்படுகிறார்.

இந்த ஊரை எனக்கு எண்களில்தான் தெரியும்.
யார் வீட்டில் புதிதாக ஏசி,
எங்கே எல்லோரும் ஒரே அறையில் பாய் விரிக்கிறார்கள்,
ஏற்காடு போவதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு
உள்ளே தாழிட்டுக்கொண்டு இருப்பது யார் என்பது வரை.
எல்லோர் கழுத்திலும் வேர்க்குருப் பவுடர்
பாதி அழிந்த கோலம்போலத் திட்டுத் திட்டாக.
என் கழுத்திலும்.

மேற்கே நெய்வேலியில் மண்ணைத் தோண்டி எரித்து
அனுப்புகிறார்கள், ஃபேன் சுற்றுகிறது.
அனல் தனியாக வருகிறது,
மேலக்காற்றில், கட்டணமில்லாமல்.

கடல்காற்று மதியத்துக்குள் வந்துவிட வேண்டும்.
தேவனாம்பட்டினத்தில் கேட்டால்
கரைக்கு நாலு படகு தூரத்தில் நிற்கிறதாம்,
மேலக்காற்று வழிவிட்டால்தான் உள்ளே வருமாம்.
கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையைப் பற்றிப்
பேசுவதுபோலப் பேசிக்கொள்கிறார்கள்.

கெடிலம் பாலத்தில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.
சர்க்கரை போட்டால் டீ என்று விற்கலாம்.

வண்டிப்பாளையம், ஓட்டு வீடு.
போன முறை நூற்று நாற்பது. இம்முறை பதினொன்று.
மீட்டரைத் தட்டிப் பார்த்தேன்.
சிவப்பு விளக்கு யோசித்து யோசித்து
ஒருமுறை சிமிட்டியது.
கைப்பேசி கேட்டது: மீட்டர் பழுதா?

கதவைத் திறந்தவர் ஞானசௌந்தரி.
உள்ளே ஃபேன் நின்றிருந்தது.
இறக்கையில் தொங்கிய ஒட்டடைகூட அசையவில்லை.
கட்டிலில் கணவர்,
வாய் ஒரு ஓரமாக இறங்கி, வலது கை தலையணை மேல்
யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல.
தினசரி காலண்டரின் அட்டையால் விசிறிக்கொண்டே
ஞானசௌந்தரி சொன்னார்:
"ஃபேன் ஓடினா இவரு கூப்பிடறது கேக்கலைம்மா.
ஒரு நாளு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு
படுக்கையிலியே போயி, அழுதுட்டாரு.
அதுலேர்ந்து போடறதில்ல."

நான் நின்ற நேரத்தில் அவர் ஒருமுறை கூப்பிட்டார்.
எனக்குக் கேட்கவில்லை.
அந்த அம்மா எழுந்து போனதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

கைப்பேசி மறுபடி கேட்டது.
'இல்லை'யை அழுத்தினேன்.
ஈர விரலை அது ஏற்கவில்லை.
துப்பட்டாவில் துடைத்து, ஊதி, மறுபடி அழுத்தினேன்.

இரவு ஒன்றரைக்கு எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று.
மொட்டை மாடிகளிலிருந்து வாரியத்தைத் திட்டினார்கள்.
இரண்டு வசவில் என் பெயரும் இருந்தது.
ஃபேன் கடைசியாக ஒரு சுற்று வந்து நின்றதும்
அற்புதராஜ் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.
கல்யாணமாகி ஆறு வருடம்.
இவர் பல் கடிப்பார் என்று எனக்குத் தெரியாது.
வேலைப் பையைத் துழாவி
ஒரு பழைய மீட்டர் அட்டையை எடுத்து விசிறினேன்.
கை மாற்றி விசிறினேன்.
தூக்கத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்,
என்னிடமா, சிப்காட்டில் மேஸ்திரியிடமா,
காதைக் கொண்டுபோனேன்.

அதற்குள் கரண்டு வந்துவிட்டது.